துணை என்கிற சொல்

என் அக்காள் மகனுக்கு வந்திருப்பது க்ரோன்ஸ் நோய் என்று முடிவானபோது அவனுக்குப் பதினாறு வயது. அந்த முடிவுக்கு வந்து சேர்வதற்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. 2021 கடைசியில் வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. பரீட்சைப் பயம் என்றார்கள். பிறகு சாயங்காலங்களில் காய்ச்சல். நாற்பத்துநாலு கிலோ இருந்தவன் முப்பத்தெட்டுக்கு இறங்கினான். குடல் காசநோயாக இருக்கலாம் என்று அடுத்து சந்தேகப்பட்டார்கள்.

நம் நாட்டில் இந்தச் சந்தேகம் நியாயமானது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தைத்தான் இரண்டு நோய்களுமே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. குழாய் விட்டு உள்ளே பார்த்தாலும், துளி சதை கிள்ளிச் சோதித்தாலும், பல நோயாளிகளிடத்தில் இது அதுவா இதுவா என்று பிரிக்க முடிவதில்லை. ஆகவே முதலில் காசநோய் மாத்திரைகளைக் கொடுத்து உடம்பு கேட்கிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கம். அவசரப்பட்டு க்ரோன்ஸுக்கான மருந்தைக் கொடுத்து, உண்மையில் இருந்தது காசநோயாகிவிட்டால், எதிர்ப்பு சக்தி அடக்கப்பட்ட உடம்பில் அது காட்டுத்தீ மாதிரிப் பரவும். காத்திருந்தார்கள். மாத்திரைகளை உடம்பு கேட்கவில்லை. 2022 டிசம்பரில் க்ரோன்ஸ் என்றார்கள்.

நான் மருத்துவன் அல்ல. பாங்கில் குமாஸ்தா. மாலையில் கவிதை படிக்கிறவன். அதைப் பற்றி இதுபோன்ற பத்திரிகைகளில் எழுதுகிறவன். ஒரு குடல் நோயையும் ஊசி வைத்தியத்தையும் பற்றி இங்கே எழுத எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். இந்த மூன்று வருஷங்களில் அந்தப் பையனுடைய உடம்பில் நல்லதும் கெட்டதும் செய்தவற்றில் மருந்துகளுக்கு அடுத்தபடி சொற்கள்தான் இருந்தன என்பது என் அபிப்பிராயம். அவற்றில் சில சொற்கள் என்னுடையவை. ஆகவே எழுதவேண்டியிருக்கிறது.

*

நோயின் பெயரே ஒரு தற்செயல். 1932இல் நியூயார்க்கில் மௌண்ட் சைனாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் பதினான்கு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். க்ரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர். அகர வரிசையில் முதலில் வந்தவர் க்ரோன். நோய் அவர் பெயரில் நின்றுவிட்டது. இது பெரும்பாலும் இளம் வயதினரைத் தாக்குவது என்று அந்த முதல் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். பெருங்குடலில் மட்டும் புண் வரும் இன்னொரு வகையை 1859இலேயே லண்டனில் ஸாமுவெல் வில்க்ஸ் விவரித்துவிட்டார். இரண்டையும் சேர்த்து இன்று குடல் அழற்சி நோய்கள் என்கிறார்கள். உடம்பின் காவல்படை எதிரி யாரும் இல்லாத இடத்தில் தன் குடல் சுவரையே சுட்டுக்கொண்டிருப்பது என்று எளிமையாகச் சொல்லலாம். பரம்பரை, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு, சூழல் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. முற்றாகத் தீர்க்கும் மருந்து கிடையாது. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு; அடங்கியிருக்கும் காலத்தை வருஷக்கணக்கில் நீட்டவும் முடியும்.

நாற்பது வயதில் வருவதற்கும் பதினாறு வயதில் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வளரும் வயதில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் வளர்ச்சியைத் தடுக்கிறது. இதனாலேயே சிறுவர்களுக்கு ஸ்டீராய்டைத் தவிர்த்து ஆறிலிருந்து எட்டு வாரம் வரை வேறு எதுவும் சாப்பிடாமல் திரவ உணவு மட்டும் கொடுக்கும் முறையை ஐரோப்பாவில் முதல் சிகிச்சையாகச் சிபாரிசு செய்கிறார்கள். இவனும் ஆரம்பித்தான். பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் தோசை வார்க்கும் வாசனை வந்தபோது அழுதான். விட்டுவிட்டோம். ஸ்டீராய்டில் முகம் உருண்டு பளபளப்பாயிற்று. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். அது என்ன பெயர் என்று எங்களிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை எந்தெந்த இடத்தில் கக்கூஸ் இருக்கிறது, எது பூட்டியிருக்கும், எதற்குச் சில்லறை வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். ஒரு நாள் என்னிடம் சொன்னான்: “ஊரே எனக்கு வேற மேப்பு மாமா.”

*

நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

இந்த நோய் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, வேறொரு சிறு பத்திரிகையில் நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மேற்கத்திய மருத்துவம் மனிதனை உறுப்புகளாகப் பிரித்து நோயை மட்டும் பார்க்கிறது, நோயாளியைப் பார்ப்பதில்லை. உடம்பைப் பற்றிய முழுமையான பார்வை கீழைத் தேசங்களில்தான் உண்டு என்கிற ரீதியில். அன்று படித்துக்கொண்டிருந்த சில புத்தகங்களின் நிழல் அது. எழுதும்போது எனக்கு நல்ல போதையாக இருந்தது. ஒரு நோயாளியையும் நினைத்துக்கொண்டு எழுதவில்லை.

2023 மத்தியில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. அஸதயோப்ரின் என்கிற மாத்திரை மட்டும் தொடர்ந்தது. இது மெதுவாக வேலை செய்யும் மருந்து. பலன் தெரியவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அவ்வப்போது ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பையனுக்குக் குமட்டல் இருந்தது. அப்போது அத்தானுடைய சிநேகிதர் ஒருவர் ஓர் அக்குபங்சர் நிபுணரைப் பற்றிச் சொன்னார். ஊசிகூடக் கிடையாது, விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சில மாதப் பயிற்சியில் உருவானவர்கள். அவர்களில் பலரும் நல்லெண்ணம் கொண்டவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். இவரும் காசு அதிகம் வாங்கவில்லை.

அக்கா என்னைக் கேட்டாள். “நீ படிச்சவன். நீ என்ன சொல்லுத?”

“பார்க்கலாமே” என்றேன். என் கட்டுரை சொன்ன பதில் அது.

அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் ஒரு இடத்தைத் தொட்டார். பிறகு சொன்னார்: உடம்புக்குத் தெரியும், மருந்துதான் நோய், எல்லா மாத்திரைகளையும் நிறுத்துங்கள். பசித்தால் சாப்பிடு, தாகமெடுத்தால் குடி, தூக்கம் வந்தால் தூங்கு. கேட்க எவ்வளவு அழகாக இருந்தது! ஒன்றரை வருஷமாக இரும்புச் சத்து, அழற்சிப் புரதம், வெள்ளணு எண்ணிக்கை என்று கேட்டுக்கொண்டிருந்த காதுகளுக்கு இது கவிதை மாதிரி விழுந்தது. மாத்திரையை நிறுத்தினோம்.

ஆறு வாரம் பையன் நன்றாக இருந்தான். குமட்டல் போயிற்று. மாத்திரை நின்றால் மாத்திரையால் வந்த குமட்டல் நிற்கும் என்கிற சாதாரண விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த மருந்தின் பாதுகாப்பு விலக மாதங்கள் ஆகும் என்பதும் தெரியாது. மூன்றாம் மாதம் வலி திரும்பியது. அவரிடம் போனோம். “கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்றார். காய்ச்சல் வந்தது. “உடம்பு வேலை செய்கிறது” என்றார். நவம்பரில் ஒரு ராத்திரி வயிறு கல்லாக உப்பி, பச்சையாக வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலின் அந்த இடம் வீங்கிக் குறுகி அடைத்துக்கொண்டிருந்தது. எடை முப்பத்தாறு. கத்தி வைக்காமல் தப்பியது எங்கள் யோக்யதையால் அல்ல. அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். நன்றாக இருந்தால் சிகிச்சை பலிக்கிறது; மோசமானால் கழிவு வெளியேறுகிறது. எது நடந்தாலும் தன்னை நிரூபித்துக்கொள்கிற ஒரு வியாக்கியானம் அது. விமர்சனத்தில் இந்த வகையை நான் நன்றாக அறிவேன். எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் தன் சித்தாந்தத்தையே அதில் வாசிக்கிறவர்கள் உண்டு. கவிதை ஒத்துப்போனால் ஆதாரம், முரண்பட்டால் அதைவிடப் பெரிய ஆதாரம். அவர்களைக் கேலி செய்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் கவிதை தவறாக வாசிக்கப்பட்டதால் யாருக்கும் குடல் அடைப்பதில்லை.

*

அதன் பிறகு இன்ஃப்ளிக்ஸிமாப். 1998லிருந்து இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிற மருந்து. அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றவேண்டும். ஆரம்பிக்குமுன் உள்ளே காசநோய் எங்காவது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று மறுபடியும் தேடினார்கள், ஏனென்றால் இந்த மருந்து அதை எழுப்பிவிடக்கூடியது. ஒரு தவணைக்கு அத்தானின் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. பிறகு அதே மருந்தை இங்கேயே தயாரிக்கிற கம்பெனியுடையது கிடைத்ததில் ஓரளவு சமாளிக்க முடிந்தது.

மருந்து கேட்டது. சில மாதங்களில் பரிசோதனைச் சீட்டுகளில் எண்கள் இறங்கின. குழாய் விட்டுப் பார்த்ததில் புண்கள் பெரும்பாலும் ஆறியிருந்தன. ஆனால் வலி முழுதாகப் போகவில்லை. ராத்திரி தூக்கமில்லை. வயிற்றில் லேசாக ஏதாவது அசைந்தால் பையன் வெளிறிப்போனான். இதுவும் தெரிந்த விஷயம்தான் என்றார் குடல் மருத்துவர். அழற்சி அடங்கிய பிறகும் பலருக்கு வலி தங்கிவிடுகிறது. நீண்ட நாள் அலறிய நரம்புகள் மெல்லப் பேசக் கற்றுக்கொள்ள நாளாகும். வலி மாத்திரைகளில் பல இந்தக் குடலுக்கு ஆகாது. தயங்கித் தயங்கி, “வேண்டுமானால் அக்குபங்சர் பார்க்கலாம்” என்றார்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமுடியாது.

அவர் அனுப்பியவர் வேறு மாதிரி ஆள். எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு ஊசி வைத்தியமும் பயின்றவர். அறுபது தாண்டியவர். அவருடைய முதல் பேச்சே நிபந்தனையாக இருந்தது: “ஆஸ்பத்திரி மருந்தை ஒரு வேளை நிறுத்தினாலும் இங்கே வரக்கூடாது. குடல் புண்ணை நான் ஆற்றப்போவதில்லை. வலியும் தூக்கமும்தான் என் வேலை. பத்துத் தடவை பார்ப்போம். பிரயோசனமில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன்.” ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கித் தட்டணுக்களைப் பார்த்தார். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கிறவன் என்பதால் புத்தம்புது ஊசிகள், ஒவ்வொரு தடவையும் உறை பிரித்து, முடிந்ததும் தூக்கிப்போடுவது. காதில் பல நாள் பொருத்தி வைக்கும் சின்ன ஊசிகள் இவனுக்கு வேண்டாம், கிருமி புக வழி என்றார்.

ஊசிகள் தலைமுடி மாதிரி மெல்லியவை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒன்று. அந்தப் புள்ளிக்குச் சீனப் பெயர் ஸு-ஸான்-லி. காலின் மூன்று லீ என்று பொருள். லீ என்பது அரைக் கிலோமீட்டர் போல ஒரு வழித் தூரம். களைத்த கால்கள் இன்னும் மூன்று லீ நடக்கும் என்பதால் இந்தப் பெயர் என்று விளக்குகிறார்கள். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மணிக்கட்டில் ஒன்று. சில நாட்களில் மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டாக்கிக் கொளுத்தி வயிற்றுக்கு மேலே சூடு காட்டினார். அறையில் திருநீற்றுப் பையும் பழைய புத்தகமும் கலந்தது போல ஒரு வாசனை. அரைமணி நேரம். ஊசிகளோடு அவனைப் படுக்க வைத்துவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு அவர் வெளியே வந்துவிடுவார்.

*

ஒரு தடவை சூடு பட்டவன் என்பதால் இந்த முறை படித்தேன். படித்ததில் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

ஊசி வைத்தியம் அறுபடாத பழம் மரபு என்பது பாதி உண்மை. 1822இல் சீனச் சக்கரவர்த்தி அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசியைத் தடை செய்தார். 1929இல் அங்கிருந்த தேசியவாத அரசாங்கம் மரபு மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது, எதிர்ப்பால் கைவிட்டது. செங் தான்-ஆன் என்பவர் 1930களில் மேற்கத்திய உடற்கூற்றையும் கலந்து, மெல்லிய ஊசிகளோடு இதைப் புதுப்பித்தார். போதுமான மருத்துவர்கள் இல்லாத தேசத்தில் 1950களில் மாவோவின் அரசாங்கம் இதைத் தூக்கி நிறுத்தியது. இந்தியாவுக்கு வந்தது அந்த வழியாகத்தான். 1938இல் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸை நமக்குத் தெரியும். அவர் 1942இல் அங்கேயே இறந்தார். அதே குழுவில் போன பி.கே. பாசு 1950களின் இறுதியில் மறுபடி சீனாவுக்குப் போய் ஊசியைக் கற்றுக்கொண்டு கல்கத்தாவில் ஆரம்பித்தார். ஆகவே நான் அந்தக் கட்டுரையில் துதித்த ‘ஆயிரமாண்டு ஞானம்’ ஒரு பகுதி நவீனமானது. அரசியல் தேவைகளும் மேற்கத்திய அறிவும் சேர்ந்து செய்தது. இது குறையல்ல. நம்முடைய ‘மரபு’கள் பலவற்றின் கதையும் இதுதான். ஆனால் மரபு என்ற சொல்லை ஆதாரமாகக் காட்டியவன் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

மேற்குக்கு இது போன கதையில் ஒரு குடல் வருகிறது. 1971 ஜூலையில் பீகிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி வந்து அறுவை செய்தார்கள். மயக்க மருந்தெல்லாம் வழக்கமான ரசாயன மருந்துதான். மறுநாள் ராத்திரி வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோது வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மூன்று ஊசிகள் குத்தி, மூலிகைச் சூடு காட்டினார்கள். உப்பல் தணிந்தது. ஜூலை 26இல் வெளியான தன் கட்டுரையில் இதை உள்ளபடியே எழுதினார். ஆனால் ஊசியால் மயக்கம் கொடுத்து அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு அறுவை செய்தார்கள் என்பதாக அது ஜனங்கள் மத்தியில் மாறிவிட்டது. இன்றும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டுரையைப் படிக்காமல் கட்டுரையைப் பற்றிப் பேசுவது இலக்கியத்தில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. அவர் சொன்னது சிறிய விஷயம்: அறுவைக்குப் பிறகு துணையாகச் செய்த ஒன்று ஆசுவாசம் தந்தது. கேட்டவர்களுக்கு அது போதவில்லை.

இந்த நோய்க்கே நேராகச் செய்த சோதனைகள் உண்டு. ஜெர்மனியில் 2004இல் வெளியானது ஒன்று. 51 க்ரோன்ஸ் நோயாளிகள். ஒரு பாதிக்குச் சரியான புள்ளிகளில் ஊசியும் சூடும். மறுபாதிக்குப் புள்ளிகள் அல்லாத இடத்தில் மேலோட்டமான ஊசி. நோயின் தீவிரத்தை அளக்கும் ஒரு கணக்கு முதல் பிரிவில் 250லிருந்து 163க்கு இறங்கியது. இரண்டாம் பிரிவில் 220லிருந்து 181க்கு. முதல் பிரிவு மேல்தான். ஆனால் பொய் ஊசி வாங்கியவர்களுக்கும் குறைந்திருக்கிறதே! 2006இல் அதே குழு பெருங்குடல் புண் நோயாளிகள் 29 பேரிடம் செய்தபோதும் இப்படித்தான்: தீவிரக் கணக்கில் வித்தியாசம், வாழ்க்கை எப்படியிருக்கிறது என்று கேட்டபோது இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. 2022இல் ஷாங்காய்க்காரர்கள் 66 க்ரோன்ஸ் நோயாளிகளிடம் பன்னிரண்டு வாரம் செய்ததில் நிஜ ஊசிக்குத் தெளிவான அனுகூலம் கிடைத்தது. எல்லாம் சிறிய சோதனைகள், வயது வந்தவர்களிடம் செய்தவை. இவற்றை வைத்து ஒரு பதினேழு வயதுப் பையனுடைய குடல் புண்ணை ஊசியிடம் ஒப்படைக்க முடியாது. ஊசியைத் தூக்கி எறியவும் முடியாது.

2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆராய்ச்சி எனக்கு உறைத்தது. எலியின் பின்னங்காலில் அந்த மூன்று லீ புள்ளியில் மெல்லிய மின்சாரத்தோடு ஊசி செலுத்தினால், அங்கே ஆழத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட வகை நரம்பிழை தூண்டப்பட்டு, மூளை வழியாக, அட்ரீனல் சுரப்பிவரை செய்தி போய் அழற்சி தணிகிறது. அந்த நரம்பிழை வயிற்றுப்பக்கம் குத்தும் இடத்தில் இல்லை. அங்கே குத்தினால் இந்தப் பலனும் இல்லை. எலிக்கு வந்திருந்தது குடல் நோயல்ல, நச்சு ஏற்றி உண்டாக்கிய அழற்சி. இருந்தாலும் இடத்துக்கும் பலனுக்கும் ஏதோ ஸ்தூலமான சம்பந்தம் இருக்கலாம் என்பதற்கு இது தடயம்.

அதே சமயம் 2008இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்ட்சுக்கும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டது நேர் எதிர்ப்பக்கம் காட்டுகிறது. அது புண் இல்லாத, எரிச்சல் குடல் என்கிற உபாதை. 262 பேர். எல்லா ஊசியும் பொய் ஊசி: தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் நழுவிக்கொள்ளும், குத்தாது. வெறுமனே காத்திருந்தவர்களில் 28 சதவிகிதம் பேருக்கு மூன்று வாரத்தில் போதிய நிவாரணம். பேச்சில்லாமல் பொய் ஊசி வைத்தவர்களில் 44. அதே பொய் ஊசியோடு, வைத்தியர் உட்கார்ந்து, கேட்டு, பரிவோடு பேசினால் 62. ஊசி இல்லாமலே ஊசி வேலை செய்திருக்கிறது. அதில் பாதி வேலையைச் செய்தது பேச்சு. இதை ‘மனப்பிரமை’ என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கவிதை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பேச்சால் வலி குறையும் என்பதிலிருந்து பேச்சால் புண் ஆறும் என்று தாவினால் நவம்பர் மாத ராத்திரி ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ச் சேர்வோம். அந்தத் தாவலைத்தான் நான் செய்தேன்.

*

‘மாற்று’ என்கிற சொல் எங்கள் தலைமுறைச் சிறு பத்திரிகைக்காரர்களுக்கு மிகவும் பிரியமானது. மாற்று அரங்கம், மாற்று சினிமா, மாற்று மருத்துவம். இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது. நாங்கள் விலகி நிற்பதற்கான பெருமை அதில் இருந்தது. ஆங்கிலத்தில் இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள், ‘காம்ப்ளிமெண்டரி’ என்று. குறையை இட்டு நிரப்புவது என்று அர்த்தம். அது எனக்குத் திருப்தி தரவில்லை. அறுபது வயது டாக்டர் உபயோகித்த சொல்தான் சரியாக இருந்தது: துணை. பாங்கில் வரும் பழைய மனிதர்கள் இன்றும் சீட்டின் உச்சியில் ஏதாவது ஒரு சாமி துணை என்று எழுதிவிட்டுத்தான் தொகையை எழுதுகிறார்கள். தொகையைச் சாமி கட்டுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். வழித்துணைக்கு வருகிறவன் நமக்காக நடப்பதில்லை. நம் காலால் நாமேதான் நடக்கிறோம். ஆனால் இருட்டில் அவன் கூட வந்தானா இல்லையா என்பது சின்ன விஷயமில்லை.

பத்துத் தடவை முடிந்தது. மலத்தில் அழற்சியைக் காட்டும் எண்ணைச் சோதித்தோம்: முன்னே 140, பின்னே 150. ஊசி புண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை; செய்வதாக அவர் சொல்லவுமில்லை. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். ஆறு ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தவன் மூன்று என்றான். ராத்திரி ஐந்து மணிநேரம் சேர்ந்தாற்போல் தூங்கினான். பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் ஐந்து நாளும் போனான்.

எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கிற ஆசை எனக்கு. நரம்பிழையா, டாக்டருடைய பேச்சா, அல்லது மருந்தே மெதுவாக நரம்புகளையும் அமர்த்திவிட்டதா? கணக்கு டாலி ஆகவேண்டும் என்கிற தொழில் புத்தி. ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனையே கேட்டேன். டாக்டர் நன்றாகப் பேசுகிறார், இல்லையா என்றேன், கேப்ட்சுக்கின் 62 சதவிகிதத்தை மனசில் வைத்துக்கொண்டு.

“பேசுவாரு. ஆனா அது இல்ல மாமா. ஊசி வச்சப்புறம் அரைமணி நேரம் யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அம்மா கேக்க மாட்டா. நீங்க கேக்க மாட்டீங்க. எப்டி இருக்கு, எத்தன தடவ போன, சாப்ட்டியா, வலிக்கா... ஒண்ணும் கெடையாது. கதவ வேற சாத்திருவாரு.”

எனக்குப் பேச்சு எழவில்லை. வைத்தியன் பரிவோடு கேட்பதுதான் மருந்து என்று நான் தயார் செய்து வைத்திருந்த முடிவும் இப்படிப் போயிற்று. மூன்று வருஷமாக அவனைப் பரிவோடு கேட்டுக் கேட்டே களைக்க வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். இதை எந்தப் புள்ளிவிவரத்தில் சேர்ப்பது? இன்னொரு பையனுக்கு அந்தச் சாத்திய கதவே பயமாக இருக்கலாம். ஊசி என்றாலே நடுங்குகிற பிள்ளைகளும் உண்டு.

சற்று நேரம் கழித்து அவனே கேட்டான். “நீங்க ஒரு கட்டுரை எழுதியிருக்கீங்கள்லா மாமா, இங்கிலீஷ் வைத்தியத்தப் பத்தி. அம்மா எடுத்து வச்சிருக்கா. படிச்சேன்.”

எனக்குத் தெரியாது, அக்கா அதை வைத்திருப்பது. எப்போது படித்தாய் என்றேன். மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பு என்றான்.

வண்ணாரப்பேட்டை தாண்டி பஸ் நின்றிருந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். “நல்லாத்தான் எழுதியிருந்தீங்க” என்றான். கேலி இல்லை அதில். நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். எது தப்பு என்று கேட்டான். நோயாளியைப் பார்க்காமல் நோயை மட்டும் பார்ப்பதாக டாக்டர்களைச் சொல்லியிருந்தேன். இரண்டில் ஒன்றையும் பார்க்காமல் எழுதியவன் நான் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

இப்போது அவன் காலேஜில் இரண்டாம் வருஷம். எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொள்கிறான். ஊசி வைத்தியத்துக்குப் பரீட்சை சமயங்களில் மட்டும் போகிறான், தானாகவே, தனியாக. மருந்து ஏறுகிற அன்று நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகிறேன். இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை.